நிரல் திறந்திருக்கு, பொட்டலம் கட்டினது யாரு?

இன்னைக்கு எபிசோடு முழுக்கக் கேள்வி பதில்தான். ஓப்பன் சோர்ஸ், கம்ப்யூட்டர் பாதுகாப்பு பத்தி உங்க சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். வாய்ஸ் நோட்டாவும் மெயிலாவும் நிறைய வந்தது. எல்லாத்தையும் எடுக்க நேரம் பத்தாது. ஆனா ஒரு மெயிலை முதல்ல படிச்சே ஆகணும். ஏன்னா அது கேள்வி இல்ல, புகார். என் மேல.

பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்காங்க. கல்லூரி கடைசி வருஷம் படிக்கிறவங்க. தோழிங்க மூணு பேர் சேர்ந்து பிளஸ் டூ கணக்குப் பாடம் எடுக்கிற யூடியூப் சேனல் ஒண்ணு நடத்துறாங்க. மெயில் இப்படிப் போகுது:

“அக்கா, ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ண ஓபிஎஸ் நல்லா இருக்கும்னு நீங்க ஒரு எபிசோடுல சொன்னீங்க. ‘ஓப்பன் சோர்ஸ்தானே, தைரியமா போடுங்க’ன்னும் சொன்னீங்க. கூகுள்ல தேடி முதல்ல வந்த லிங்க்ல டவுன்லோட் பண்ணேன். மறுநாள் காலையில எங்க சேனல் பேரே மாறியிருந்தது. யாரோ இங்கிலீஷ்ல கிரிப்டோ பத்தி லைவ் போயிட்டிருந்தாங்க. டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டுத்தான் வெச்சிருந்தேன். ஓடிபி ஒண்ணுகூட வரல. ஓப்பன் சோர்ஸ்னா பாதுகாப்புன்னு சொன்னீங்களே, அப்புறம் எப்படி?”

படிச்சதும் அந்தப் பழைய எபிசோடைத் தேடிக் கேட்டேன். சொல்லியிருக்கேன். அதே வார்த்தை, அதுவும் சிரிச்சுக்கிட்டே. முதல்ல மன்னிப்பு கேட்டுக்கிறேன்மா. அந்த ஒரு வரியில ரெண்டு தனித்தனி விஷயத்தை நான் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டேன். இன்னைக்கு வர்ற கேள்விகள்ல பாதி அந்தக் குழப்பத்துலேர்ந்து வந்ததுதான்.

ஓப்பன் சோர்ஸ்னா என்ன? ஒரு மென்பொருளோட மூலநிரல், அதாவது சோர்ஸ் கோடு, யார் வேணா படிக்கலாம், மாத்தலாம், பகிரலாம். சரி. ஆனா நம்ம லேப்டாப்புக்கு வர்றது மூலநிரல் இல்ல. அதை யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டருக்குப் புரியிற மாதிரி மாத்தி, இன்ஸ்டாலரா பொட்டலம் கட்டி, ஒரு இடத்துல வெச்சிருக்காங்க. நாம எடுக்கிறது அந்தப் பொட்டலத்தை. அம்மா சாம்பார் பொடி செய்முறையை ஊருக்கே சொல்லலாம். அதுக்காகக் கடையில அம்மா படம் ஒட்டி விக்கிற பாக்கெட்டுக்குள்ள அதே பொடிதான் இருக்கும்னு யார் சொன்னது?

ஓபிஎஸ் நல்ல மென்பொருள். அதோட நிரல்ல ஒரு தப்பும் இல்ல. இவங்க எடுத்த பொட்டலத்தைக் கட்டினது ஓபிஎஸ் ஆளுங்க இல்ல, அவ்வளவுதான்.

எப்படி டவுன்லோட் பண்ணீங்கன்னு அவங்ககிட்ட திரும்பக் கேட்டேன். கூகுள்ல முதல்ல வந்தது தேடல் முடிவு இல்ல, விளம்பரம். பக்கத்துல சின்னதா ‘ஸ்பான்சர்டு’ன்னு போட்டிருக்கும், யார் பார்க்கிறோம்? திறந்தா அச்சு அசல் ஓபிஎஸ் பக்கம். டவுன்லோட் ஆனது ஒரு ஜிப் ஃபைல், அதுக்கு ஒரு பாஸ்வேர்டு, அந்தப் பாஸ்வேர்டும் அதே பக்கத்துல. இந்த இடத்தைக் கவனிங்க. ஃபைலுக்குப் பூட்டு போட்டுட்டு சாவியையும் பக்கத்துலயே ஏன் வைக்கணும்? பூட்டு நமக்காக இல்ல. பிரவுசரும் ஆன்டிவைரஸும் உள்ள எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு போட்டது. நிஜமான எந்த ஓப்பன் சோர்ஸ் திட்டமும் தன்னோட இன்ஸ்டாலரை இப்படிப் பூட்டித் தராது.

இது இவங்களுக்கு மட்டும் நடந்தது இல்ல. 2023 ஆரம்பத்துல ஓபிஎஸ், விஎல்சி, 7-ஜிப் மாதிரி எல்லாரும் தேடுற இலவச மென்பொருள் பேர்லயே தேடல் விளம்பரங்கள் வாங்கி, போலிப் பக்கங்களுக்கு ஆள் இழுத்தது பெரிய அலையாவே இருந்தது. அதே வருஷம் அக்டோபர்ல கீபாஸுக்கு ஒண்ணு பண்ணாங்க. கீபாஸ்ங்கிறது பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கிற மென்பொருள். போலி முகவரியில எல்லா எழுத்தும் சரியா இருந்தது, ‘கே’ எழுத்துக்கு அடியில மட்டும் ஒரு குட்டிக் குறி. வேற மொழியில இருக்கிற எழுத்து அது. ஸ்க்ரீன்ல தூசி ஒட்டியிருக்குன்னு நினைச்சுத் துடைச்சிட்டுப் போயிடுவோம், அவ்வளவு சின்னது.

ஓடிபி ஏன் வரலன்னு கேட்டாங்க இல்ல, அதுக்கு வர்றேன். தீம் பார்க்ல டிக்கெட் வாங்கி உள்ள போனதும் கையில ஒரு பட்டை கட்டுவாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு ரைடுலயும் டிக்கெட் கேட்க மாட்டாங்க, பட்டையைப் பார்த்தே விட்டுடுவாங்க. பிரவுசர்ல குக்கின்னு ஒண்ணு இருக்கே, அது அந்தப் பட்டைதான். நீங்க ஒரு தடவை பாஸ்வேர்டும் ஓடிபியும் போட்டு உள்ள போனா, ‘இவங்க ஏற்கனவே வந்தவங்க’ன்னு கூகுள் ஒரு பட்டை கட்டி விடுது. அந்தப் போலி ஓபிஎஸ் செஞ்சது உங்க பட்டையை நகல் எடுத்து அனுப்பினதுதான். திருடன் வாசல் வழியா வரல. அதனால வாசல்ல நின்ன ஓடிபி காவலாளிக்கு எதுவுமே தெரியாது. அதுக்காக டூ-ஸ்டெப்பை எடுத்துடாதீங்க. பாஸ்வேர்டு மட்டும் திருடு போற சாதாரணக் கேஸ்ல அதுதான் காப்பாத்தும்.

இப்படி ஆயிடுச்சுன்னா என்ன பண்றது? வரிசை முக்கியம். பதட்டத்துல எல்லாரும் அதே லேப்டாப்ல உட்கார்ந்து பாஸ்வேர்டை மாத்துவாங்க. இவங்களும் அதைத்தான் பண்ணாங்க. மாத்தின புதுப் பாஸ்வேர்டும் சேர்ந்து திருடன்கிட்ட போகும். முதல்ல அந்த லேப்டாப்போட நெட்டைத் துண்டிங்க. வேற ஒரு சுத்தமான ஃபோன்லேர்ந்து கூகுள் கணக்குக்குள்ள போய், எந்தெந்தச் சாதனத்துல லாகின் ஆகியிருக்குன்னு பார்த்து எல்லாத்துலேர்ந்தும் வெளியேத்துங்க. அப்பதான் பழைய பட்டை செல்லாம போகும். அப்புறம் பாஸ்வேர்டு. அப்புறம் மீட்பு மெயில், மீட்பு நம்பர் மாறியிருக்கான்னு பாருங்க, திருடன் தன்னோடதைச் செருகி வெச்சிருப்பான். லேப்டாப்பை ஸ்கேன் பண்ணி விட்டுடாம, ஃபைல்களை எடுத்து வெச்சுட்டு முழுசா ஃபார்மட் பண்ணி விண்டோஸைப் புதுசாப் போடுங்க. அந்த பிரவுசர்ல சேவ் ஆகியிருந்த எல்லாப் பாஸ்வேர்டும் போயிடுச்சுன்னே வெச்சுக்கோங்க. பணம் போயிருந்தா 1930-க்கு உடனே ஃபோன். இதுல நேரம் ரொம்ப முக்கியம்.

சரி, விளம்பரத்தைத் தவிர்த்து நேரா அசல் முகவரிக்குப் போனா போதுமான்னு கேட்டா, பெரும்பாலும் போதும். நம்ம நாட்டுல அதுக்கும் ஒரு காலத்துல வழியில்லாம இருந்தது. 2022 பிப்ரவரிலேர்ந்து நவம்பர் வரைக்கும் விஎல்சியோட அதிகாரப்பூர்வ வீடியோலேன் தளம் இந்தியாவுல முடக்கப்பட்டிருந்தது. ஏன்னு அந்தத் தளத்தை நடத்துறவங்களுக்கே சொல்லல. இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உதவியோட அவங்க சட்டப்படி நோட்டீஸ் அனுப்பின பிறகுதான் திறந்தது. அந்த மாசங்கள்ல சரியான முகவரியை டைப் பண்ணவங்களுக்குப் பக்கம் வராது, கண்ட கண்ட தளத்துலயும் விஎல்சி கிடைக்கும். பாதுகாப்புன்னு சொல்லி மூடின கதவு எல்லாரையும் சந்து வழியா அனுப்பிச்சது. அதை நினைச்சா எனக்கு இப்பவும் எரிச்சல்தான். சரி, அடுத்தது.

கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு தம்பி: “நிரல் எல்லாருக்கும் தெரிஞ்சா ஹேக்கருக்கும் தெரியுமே? மூடி வைக்கிறதுதானே பாதுகாப்பு?”

நியாயமான சந்தேகம். ஆனா பூட்டு ரிப்பேர் பண்றவருக்கு எல்லாப் பூட்டும் உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு தெரியும். அவருக்குத் தெரியாதது உங்க சாவியோட பல்லு. பூட்டோட அமைப்பு தெரிஞ்சாலே திறந்துடலாம்னா அது பூட்டே இல்ல. இதை ஆகஸ்ட் கெர்க்கோஃப்ஸ்னு ஒருத்தர் 1883-லயே ராணுவ சங்கேத மொழி பத்தி எழுதும்போது சொல்லிட்டார்: அமைப்பு எதிரி கையில கிடைச்சாலும் சாவி கிடைக்காத வரைக்கும் ரகசியம் காப்பாத்தப்படணும். மூடி வெச்ச நிரலும் தப்பிச்சது இல்ல. 2017 மே மாசம் வான்னாக்ரை உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது ஞாபகம் இருக்கும். விண்டோஸ் நிரல் யாருக்கும் திறந்து கிடக்கல. அந்த ஓட்டைக்கான அப்டேட்டும் அதே வருஷம் மார்ச்லயே வந்துடுச்சு. ரெண்டு மாசம் போடாம விட்டவங்கதான் மாட்டினாங்க.

ஆனா மறுபக்கமும் சொல்லணும், இல்லன்னா இன்னொரு மன்னிப்பு மெயில் எழுத வேண்டி வரும். ‘யார் வேணா படிக்கலாம்’ வேற, ‘யாரோ படிச்சிருக்காங்க’ வேற. தெருவுல குப்பைத் தொட்டி இருக்கிறதுக்கும் அதைத் தினமும் ஒருத்தர் வந்து காலி பண்றதுக்கும் உள்ள வித்தியாசம்தான். ஓப்பன்எஸ்எஸ்எல்னு ஒண்ணு இருக்கு. பிரவுசர்ல பூட்டுப் படம் வருதே, அதுக்குப் பின்னால பல கோடி தளங்கள்ல ஓடுறது அதுதான். 2012-ல வெளியான பதிப்புல ஒரு தப்பு புகுந்தது. எதிர் முனையில இருக்கிறவர் “நான் ஐந்நூறு எழுத்து அனுப்பியிருக்கேன், அப்படியே திருப்பி அனுப்பு”ன்னு சொல்வார், ஆனா மூணு எழுத்துதான் அனுப்பியிருப்பார். சர்வர் எண்ணிப் பார்க்காம மீதி எழுத்துகளைத் தன் நினைவகத்துலேர்ந்து அள்ளிக் கொடுத்துடும். அதுல அடுத்தவங்க பாஸ்வேர்டு இருக்கலாம், தளத்தோட ரகசியச் சாவியே இருக்கலாம். ஹார்ட்பிளீட்னு பேர் வெச்சாங்க. எல்லார் கண்ணு முன்னாடியும் ரெண்டு வருஷம் இருந்து, 2014 ஏப்ரல்லதான் வெளியில வந்தது. உலகமே நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் ரெண்டாயிரம் டாலர். நம்ம ஊர்ல ஒரு நல்ல லேப்டாப் வாங்கினா முக்கால்வாசி போயிடும்.

இதையொட்டி இன்னொருத்தர் கேட்டிருக்கார்: “எக்ஸ்ஜி விவகாரம்னு அடிக்கடி சொல்றாங்களே, என்ன அது?” அது எக்ஸ்ஜி இல்லங்க, எக்ஸ்இசட். இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன். எனக்கு இதை விடத் திகில் கதை வேற இல்ல.

எக்ஸ்இசட்ங்கிறது ஃபைலைச் சுருக்குற ஒரு சின்னக் கருவி, ஜிப் மாதிரி. லினக்ஸ்ல எங்க பார்த்தாலும் இருக்கும், யாருக்கும் பேர் தெரியாது. லாஸ்ஸி காலின்னு ஒருத்தர் சம்பளம் இல்லாம, பொழுதுபோக்கா, பல வருஷமாப் பராமரிச்சு வந்தார். 2021-ல ஜியா டான்ங்கிற பேர்ல ஒருத்தர் வந்தார். சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பினார். நல்ல திருத்தங்கள். 2022-ல வேற சில பேர்கள்ல மெயில் வர ஆரம்பிச்சது: “ஏன் இவ்வளவு மெதுவா இருக்கீங்க? உங்களால முடியலன்னா வேற யார்கிட்டயாவது கொடுங்க.” காலின் பொறுமையா பதில் எழுதினார். தனக்கு நீண்ட நாளா மனநலச் சிக்கல் இருக்கு, இது சம்பளமில்லாத வேலைங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்கன்னார். அந்தப் பதிலைப் படிச்சப்போ எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆச்சு. திட்டினவங்கள்ல பலர் போலிக் கணக்குகள்னுதான் பிறகு பார்த்தவங்க நினைக்கிறாங்க. கொஞ்சம் கொஞ்சமா ஜியா டான் கையில சாவி வந்தது. புதுப் பதிப்பு வெளியிடுற பொறுப்பும் வந்தது.

2024 பிப்ரவரி, மார்ச்ல 5.6.0, 5.6.1-னு ரெண்டு பதிப்பு வெளியிட்டார். உள்ள ஒரு பின்வாசல். சரியான ரகசியச் சாவி வெச்சிருக்கிற ஒருத்தர், அந்த லினக்ஸ் சர்வருக்குள்ள பாஸ்வேர்டே இல்லாம நுழையலாம். எங்க ஒளிச்சு வெச்சிருந்தார்னு பாருங்க. சோதனைக்காக வைக்கிற, மனுஷங்களால படிக்க முடியாத ஃபைல்களுக்குள்ள பாதி. அதை எழுப்பி விடுற சில வரிகள் எல்லாரும் பார்க்கிற நிரல் களஞ்சியத்துல இல்லவே இல்ல. வெளியீட்டுக்குன்னு கட்டின பொட்டலத்துல மட்டும்தான் இருந்தது. அதாவது களஞ்சியத்துல நிரலை வரி வரியாப் படிச்ச ஒரு நல்லவர் இருந்திருந்தாலும் அந்த வரிகளைப் பார்த்திருக்க மாட்டார்.

கண்டுபிடிச்சது ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட். மைக்ரோசாஃப்ட்ல வேலை, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் உருவாக்குறவங்கள்ல ஒருத்தர். பாதுகாப்பு ஆய்வாளர் இல்ல. அவர் வேற எதையோ அளந்துக்கிட்டிருந்தப்போ, ஒரு லாகினுக்கு 0.3 விநாடி ஆக வேண்டியது 0.8 விநாடி ஆகுதுன்னு கவனிச்சார். அரை விநாடி. நானா இருந்தா நெட் மெதுவா இருக்குன்னு டீ குடிக்கப் போயிருப்பேன். அவர் ஏன்னு தோண்டினார். மார்ச் 29, புனித வெள்ளி அன்னைக்கு ஊருக்கெல்லாம் எழுதிட்டார். டெபியன், ஃபெடோராவோட சோதனைப் பதிப்புகள் வரைக்கும் அது போயிடுச்சு. நிலையான பதிப்புகளுக்குள்ள போறதுக்குள்ள பிடிச்சாச்சு. ஜியா டான்ங்கிற பேருக்குப் பின்னால இருந்தது யாருன்னு வெளியுலகத்துக்கு இன்னும் தெரியாது.

இதை வெச்சு “பார்த்தீங்களா, ஓப்பன் சோர்ஸ் ஆபத்து”ன்னு சிலர் சொல்றாங்க. “பார்த்தீங்களா, திறந்திருந்ததாலதான் பிடிக்க முடிஞ்சது”ன்னு வேற சிலர் சொல்றாங்க. எனக்கு ரெண்டாவது பக்கம் சாய்மானம் உண்டு. அரை விநாடி ஏன்னு தோண்டிப் பார்க்க அவருக்கு உள்ள போக வழி இருந்தது, அது பெரிய விஷயம். ஆனா ஒரு மனுஷனோட பிடிவாதத்துல தப்பிச்சதை ஏற்பாடுன்னு சொல்லிக்க எனக்கு வாய் வரல.

இப்ப நிறைய பேர் கேட்ட ஒண்ணு. ஒரு வாய்ஸ் நோட்டுல இருக்கிற படியே சொல்றேன்: “எங்க அப்பா வாட்ஸ்அப்புக்குக் கல்யாணப் பத்திரிகைன்னு ஒரு ஏபிகே ஃபைல் வந்தது. தொடாதீங்கப்பான்னு கத்தினேன். அப்பா கேட்கிறார், ‘நீ மட்டும் எஃப்-ட்ராய்டுன்னு பிளே ஸ்டோர்ல இல்லாத ஒண்ணைப் போட்டிருக்கியே, அதுவும் ஏபிகேதானே?’ எனக்குப் பதில் தெரியல.”

உங்க அப்பாவுக்கு ஒரு சபாஷ். ரெண்டும் ஏபிகேதான். ஃபோன் ரெண்டுக்கும் ஒரே எச்சரிக்கையைத்தான் காட்டும். திரும்பவும் பொட்டலம் கட்டினது யாருங்கிற கேள்விதான். எஃப்-ட்ராய்டு 2010-லேர்ந்து இருக்கிற திட்டம். அதுல இருக்கிற ஆப்களைப் பெரும்பாலும் அவங்களே மூலநிரலை எடுத்து, அவங்க சர்வர்லயே பொட்டலம் கட்டி, தங்களோட கையெழுத்து போட்டுக் கொடுக்கிறாங்க. ஒரு ஆப் உங்களைப் பின்தொடருதுன்னாலோ விளம்பரம் காட்டுதுன்னாலோ அதை ஆப் பக்கத்துலயே எழுதி வைக்கிறாங்க. கல்யாணப் பத்திரிகையைக் கட்டினது யாரு? அப்பாவோட நண்பர் நம்பர்லேர்ந்து வந்திருக்கலாம், ஆனா அவர் ஃபோனையே ஏற்கனவே பிடிச்சிருப்பாங்க. நிஜப் பத்திரிகை படமா வரும், பிடிஎஃப்பா வரும், இல்ல வீடியோவா வரும். ஆப்பா வராது. இது இன்ஸ்டால் ஆனதும் முதல்ல எஸ்எம்எஸ் படிக்கிற அனுமதி கேட்கும். கொடுத்தா பேங்க் ஓடிபி நேரா அவங்களுக்குப் போகும். அப்பாகிட்ட சொல்லும்போது ‘ஏபிகே தப்பு’ன்னு சொல்லாதீங்க. ‘மணமக்கள் படத்தைப் பார்க்க என் மெசேஜை இது எதுக்குப் படிக்கணும்?’னு கேட்கச் சொல்லுங்க. அவருக்குக் கேள்வி கேட்க நல்லாவே வருது.

“லினக்ஸுக்கு ஆன்டிவைரஸ் வேணுமா?” வீட்டுல சாதாரணமாப் பயன்படுத்துறவங்களுக்குத் தேவையில்ல. ஆனா ‘லினக்ஸ்ல வைரஸே வராது’ன்னு சொல்ற ஆளுங்களை நம்பாதீங்க, கல்லூரிக் காலத்துல நானே அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். 2025 ஜூலைல ஆர்ச் லினக்ஸ்ல, பயனர்களே பொட்டலங்களை ஏத்தி வைக்கிற ஏயுஆர் பகுதியில, ஃபயர்ஃபாக்ஸ் திருத்தம்ங்கிற மாதிரி பேர்கள்ல உளவு மென்பொருளை ஏத்தி விட்டாங்க. ரெண்டு நாள்ல எடுத்துட்டாங்க. உங்க டிஸ்ட்ரோவோட அதிகாரப்பூர்வக் களஞ்சியத்துலேர்ந்து எடுக்கிற வரைக்கும் நிம்மதியா இருக்கலாம். ஏதோ ஒரு பக்கத்துல பார்த்த கமாண்டை, சூடோ போட்டு, புரியாம ஒட்டுறதுதான் லினக்ஸ் காரங்களோட கல்யாணப் பத்திரிகை.

அடுத்தது மதுரைலேர்ந்து. அப்பா டிடிபி சென்டர் வெச்சிருக்கார், விண்டோஸும் பேஜ்மேக்கரும் கிராக் பண்ணினது, எல்லாத்தையும் லினக்ஸுக்கு மாத்திடலாமான்னு கேட்கிறார்.

தம்பி, கிராக் ஆபத்துங்கிறதுல சந்தேகமே இல்ல. ‘இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு’ன்னு எந்தப் பொட்டலம் சொல்லுதோ அது வீட்டுக்குள்ள வரும்போதே நாயைக் கட்டச் சொல்ற விருந்தாளி. ஆனா பேஜ்மேக்கரோட கடைசிப் பதிப்பு 7.0, 2001-ல வந்தது. நம்ம ஊர்ல பல பிரஸ்ல இன்னும் அதுலயும் யூனிகோடுக்கு முந்தின ஃபான்ட்லயும்தான் வேலை நடக்குது. ஸ்க்ரைபஸ்னு ஓப்பன் சோர்ஸ் மாற்று இருக்கு, நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்பாவோட இருபது வருஷ ஃபைலும் ஃபான்ட்டும் நாளைக்கே அதுல அப்படியே ஓடும்னு நான் சொன்னா, அந்தப் பொண்ணுக்குப் பண்ண அதே தப்பை உங்களுக்கும் பண்றேன். வாசல்ல கஸ்டமர் பென் டிரைவோட நிக்கும்போது அப்பாவால மெனு தேட முடியாது. இப்போதைக்குப் பழைய மெஷினை நெட்டுலேர்ந்து பிரிச்சுடுங்க. மெயில் பார்க்க, பென் டிரைவ் போட, பிடிஎஃப் வாங்கித் தர ஒரு தனி லேப்டாப், அதுல லினக்ஸ் மின்ட், லிப்ரே ஆஃபீஸ். வேலை ஃபைல்களை வாரம் ஒரு தடவை எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி எடுத்து, டிஸ்க்கைக் கழட்டி அலமாரியில வைங்க. செருகியே வெச்சிருந்தா ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிடும். புது வேலைகளை மெதுவா யூனிகோடுல ஆரம்பிங்க.

விண்டோஸ் 10 பத்தி ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கீங்க. சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 ஏத்துக்காத பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீங்க. மின்ட் போட்டுப் பாருங்க. நம்மள்ல சில பேர் முதன்முதலா லினக்ஸைப் பார்த்ததே அரசு கொடுத்த இலவச லேப்டாப்ல விண்டோஸ் பக்கத்துல இருந்த பாஸ் லினக்ஸ்லதான். அன்னைக்கு ஒரு தடவை திறந்துட்டு பயந்து மூடியிருப்போம். இப்போ அவ்வளவு பயம் தேவையில்ல.

கடைசியா ஒரு சின்னது. “அம்மா எல்லாப் பாஸ்வேர்டையும் பால் கணக்கு நோட்டுல எழுதி வைக்கிறாங்க, எப்படித் தடுக்கிறது?” தடுக்காதீங்க! வேற நாட்டுல உட்கார்ந்திருக்கிற திருடனால உங்க வீட்டுச் சமையல் ரூம் அலமாரியைத் திறக்க முடியாது. நோட்டு இருக்கிறதால அம்மா ஒவ்வொரு கணக்குக்கும் வேற வேற பாஸ்வேர்டு வைக்க முடியுது, நம்மள்ல பாதிப் பேர் அதைச் செய்றதில்ல. யூபிஐ பின்னை மட்டும் அதுல எழுத வேண்டாம்னு சொல்லுங்க. உங்களுக்கு வேணும்னா பிட்வார்டன் இருக்கு, கீபாஸ்எக்ஸ்சி இருக்கு, ரெண்டும் ஓப்பன் சோர்ஸ். எங்கேர்ந்து டவுன்லோட் பண்ணணும்னு இந்நேரம் உங்களுக்கே தெரியும்.

அந்த யூடியூப் சேனல் பொண்ணுக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி. ரெண்டாவது மெயில்ல எழுதியிருந்தாங்க: சேனல் திரும்பக் கிடைச்சிடுச்சு, நாலஞ்சு வீடியோ போயிடுச்சு, அதுல தொகையீடு பாடம் முழுக்க மறுபடி எடுக்கணும். லேப்டாப்பை ஃபார்மட் பண்ணியாச்சு. “இப்போ மறுபடி ஓபிஎஸ் போடலாமா அக்கா, இல்ல வேற ஏதாவது சொல்றீங்களா?”

ஓபிஎஸ்ஸே போடுங்கம்மா. தேட வேண்டாம், முகவரியை நீங்களே டைப் பண்ணுங்க: ஓபிஎஸ்ப்ராஜெக்ட் டாட் காம், நடுவுல கோடு கிடையாது, இடைவெளி கிடையாது. விண்டோஸ்ல மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லயும் இருக்கு. ஜிப்புக்குப் பாஸ்வேர்டு கேட்டா மூடிட்டு எனக்கு மெயில் போடுங்க. தொகையீடு வீடியோ வந்ததும் லிங்க் அனுப்புங்க, எனக்கும் அது பிளஸ் டூலேர்ந்தே பாக்கி இருக்கு.